செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்ததும் வருடாந்த ஒன்றுகூடலும் வழமைபோல நடந்தன. இந்த வருடம் விரிவாகச் சொல்லவேண்டியது, கொட்டாஞ்சேனையில் மாதந்தோறும் நடத்திய இலவச சட்ட ஆலோசனையைப் பற்றித்தான்.

சட்டத்தரணி என்றால் புதுக்கடை நீதிமன்ற வளவில் கறுப்புக் கோட்டோடு நிற்பவர், அழைப்பாணை வந்தபிறகு தேடிப் போகவேண்டியவர் என்றுதான் எங்களில் பலர் இன்னும் நினைக்கிறோம். ஆலோசனைக்கு வந்த இளம் சட்டத்தரணிகளோ வழக்குக்கு முந்திய வேலையைத்தான் கூடுதலாகச் செய்தார்கள். ஒரு அம்மா, மகனைப் பற்றிப் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியைக் கொண்டுவந்தார். முழுக்கச் சிங்களம். வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்திருந்தார். சட்டத்தரணி வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, "நான் இப்படிச் சொல்லவே இல்லையே தம்பி" என்று திகைத்துப்போனார். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாயிற்று. பொலிஸ் மேசையில் அதை எழுதத்தான் ஆளில்லை.

அடுத்தது காலக்கெடு. அடிப்படை உரிமை மீறல் என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. எங்கள் ஆட்கள் முதலில் எம்.பி. வீட்டுக்கு அலைகிறார்கள். அப்புறம் இங்கே வந்தால் சட்டத்தரணிதான் என்ன செய்வார்?

2022 மார்ச் 31 இரவு மிரிஹானையில், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவின் வீட்டருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் காசு வாங்காமல் நீதிமன்றத்துக்கு வந்ததை எல்லோரும் பாராட்டினோம். சரிதான். ஆனால் கமரா இல்லாத காலத்தில், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட எங்கள் பிள்ளைகளுக்காக வாதாடியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5இல் வெள்ளவத்தையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வருமானம் குறைந்தவர்களுக்காக வழக்காட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போகக் கூச்சப்படுபவர்களோடு நிர்வாகக் குழுவில் ஒருவர் கூடப் போவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

வரும் வருட ஆலோசனை நாட்களில் கடிதங்களை வாசித்துச் சொல்ல, சிங்களம் நன்றாகத் தெரிந்த இளைஞர்கள் சிலர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்