பேப்பரிலேயே போட்டிருக்கிறதே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தங்கள் நாளிதழின் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. ஞாயிறு இணைப்பின் மகளிர் பக்கத்தில் வந்த குழந்தை உணவுக் குறிப்பு அது. பழங்களையும் காய்களையும் வீட்டிலேயே மசித்துக் கொடுக்க 5 வழிகள். நல்ல முயற்சிதான். ஆனால், 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு என்று மேலே போட்டுவிட்டு, ஆப்பிள் மசியலின் கடைசி வரியில் ‘இனிப்புக்கு ஒரு தேக்கரண்டி தேன் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கவும்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். மறுநாள் பார்த்தால் என் மனைவி அந்தக் கோட்டை ரப்பரால் அழித்து வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, “பேப்பரிலேயே போட்டிருக்கிறதே, அவர்களைவிட உங்களுக்குத் தெரியுமா?” என்கிறாள். அச்செழுத்தோடு மோதி நான் ஜெயிக்க முடியாது. அதனால் அச்சிட்டவர்களிடமே வருகிறேன்.

நான் மருத்துவனும் அல்ல, சமையற்காரனும் அல்ல. ஓர் ஆலையில் 36 ஆண்டுகள் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். மனைவிக்கு முழங்கால் வலி, அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியாது. பேத்திக்கு 6 மாதம் நிறைந்த அன்று அவளுடைய சின்னக் கரண்டியும் கிண்ணமும் என் பொறுப்பில் வந்தன. இன்று அவளுக்கு 11 மாதம். இந்த 5 மாதத்தில் நான் செய்யாத தவறு குறைவு.

முதலில் தேன். குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். நாம் சாப்பிட்டால் அவை வந்த வழி தெரியாமல் போய்விடும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலிலோ அவற்றை அடக்கிவைக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் இன்னும் சரிவர அமைந்திருக்காது. வித்து அங்கே முளைத்து நஞ்சு சுரக்கலாம். மலச்சிக்கலில் தொடங்கி, பால் குடிப்பதில் சோர்வு, அழுகை மெலிவது, நின்ற தலை மறுபடி தொய்வது என்று போய், மூச்சுவிடும் தசைகள் வரை தளரலாம். அரிதாகத்தான் வரும். வந்தால் மருத்துவமனைதான். 1976இல்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். அதற்கு முன் இருந்த பாட்டிமார்கள் மேல் குற்றமில்லை. அரை நூற்றாண்டு ஆன பிறகு ஒரு நாளிதழுக்குத் தெரியாமல் இருக்கலாமா?

கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் குறிப்பு எழுதியவர் நினைத்திருப்பார். இந்த இடத்தில் என் தொழில் பேசுகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்குமேல் நீங்கள் எவ்வளவு தீ வைத்தாலும் ஆவிதான் அதிகமாகும், சூடு ஏறாது. அந்த வித்துகளோ 100 டிகிரியைப் பார்த்துச் சிரிக்கும் சாதி. அவற்றை அழிக்க 121 டிகிரி வேண்டும். அதற்கு ஆவியை மூடி அடைத்து, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தம் ஏற்ற வேண்டும். உங்கள் குறிப்பு சொல்லும் ‘ஒரு கொதி’ அதன் மேல் ஒரு கீறல்கூடப் போடாது. வீட்டில்தான் குக்கர் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். ஐயா, தேன் இல்லாமலே ஆப்பிள் இனிக்கும்.

கடைக்காரப் புட்டி அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இதே ஆவியின் வேலைதான். காய்கறி மசியலைப் புட்டியில் அடைத்து, மூடி, அழுத்தமான ஆவியில் வைத்து எடுக்கிறார்கள். அப்படி விற்கும் பெயர்பெற்ற மசியல் ஒன்றின் பிறப்பே ஒரு வீட்டுச் சமையலறையில் என்பது வேடிக்கை. 1927இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டாரத்தி கெர்பர் என்ற தாய் தன் பெண் குழந்தைக்காகக் காய்களை வேகவைத்து வடிகட்டிச் சலித்துப்போனார். கணவர் குடும்பத்துக்குச் சொந்தமாக டப்பாவில் உணவு அடைக்கும் ஆலை இருந்தது. இதை அங்கேயே செய்யலாமே என்று கேட்டார். அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்துவிட்டது. அவருக்கு ஆலை இருந்தது, நமக்கு இல்லை. ஆகவே வீட்டில் செய்ததைச் சுத்தமான புட்டியில் அடைத்துவிட்டால் அதுபோல இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் குறிப்பில் ‘காற்றுப் புகாத புட்டியில் வைத்துப் பயன்படுத்தவும்’ என்று மொட்டையாக ஒரு வரி இருக்கிறது. எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது? ஃபிரிட்ஜில் 2 நாள், உறைபெட்டியில் ஒரு மாதம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டுத் தேதி எழுதிவிடுகிறேன். ஒரு வேளைக்கு இரண்டு கட்டி. ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைப்பதில்லை.

இப்போது என் தவறு ஒன்று. பேத்திக்கு 7 மாதம் இருக்கும். காலையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசியல், கரண்டி நிறுத்தினால் நிற்கும் பதம். பாதி சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீணாக்க மனம் வரவில்லை. கிண்ணத்தோடு மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். மாலையில் எடுத்தால் ஓரமெல்லாம் தண்ணீராக ஓடுகிறது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. முதலில் கிழங்கின்மேல் சந்தேகப்பட்டேன், பிறகு ஃபிரிட்ஜின்மேல். மருமகள்தான் சொன்னாள்: “மாமா, அவள் வாயில் வைத்த கரண்டியைத்தானே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டீர்கள்?” எச்சிலில் மாவுப்பொருளைக் கரைக்கும் நொதி இருக்கிறது. பகல் முழுவதும் அது வேலை செய்திருக்கிறது. எச்சிலோடு போன கிருமிகளும் சும்மாவா இருந்திருக்கும்? அன்றிலிருந்து சாப்பிடும் அளவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுக்கிறேன். மிச்சம் குப்பைக்கு, அல்லது என் வயிற்றுக்கு.

உங்கள் குறிப்பு எல்லாவற்றையும் ‘மிக்ஸியில் நைசாக அரைக்கவும்’ என்கிறது. உருளைக்கிழங்கை அப்படி அரைத்துப் பாருங்கள், சுவரொட்டி ஒட்டலாம். கத்தி வேகமாகச் சுற்றும்போது கிழங்கின் செல்கள் கிழிந்து உள்ளிருக்கும் மாவெல்லாம் வெளியே வந்து பசையாகிவிடுகிறது. அதை முள்கரண்டியால் மசித்தால் போதும். பட்டாணி நேர்மாறானது. எவ்வளவு அரைத்தாலும் தோல் நாக்கில் தட்டும். வெந்ததைச் சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் பச்சை மசியல் கீழே இறங்கி, தோல் மட்டும் மேலே மெல்லிய காகிதம்போலத் தங்கும். கால் மணி நேரத் தேய்ப்பில் அரைக் கிண்ணம் கிடைக்கும். அதை முதல் வாயிலேயே துப்பினாள். ஒரு குழந்தை புதிய சுவையை ஏற்க 8, 10 தடவைகூட ஆகலாம் என்று குழந்தை மருத்துவர் சொல்லியிருந்ததால் விடவில்லை. ஒன்பதாவது தடவையில் விழுங்கினாள். அப்போதும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான்.

காயை நிறையத் தண்ணீரில் போட்டு வேகவைத்து வடிப்பதைவிட ஆவியில் வேகவைப்பது நல்லது என்பதை நான் சொன்னால் கொதிகலன்காரன் பாசம் என்பார்கள். உண்மையும் அதுதான். வைட்டமின் சி தண்ணீரில் கரையும். வடித்த நீரோடு போய்விடும். வாழைப்பழத்துக்கு அந்தத் தொல்லையும் இல்லை. தோலை உரி, மசி, ஊட்டு.

மூக்குக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 8 மாதத்தில் ஒருநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் குழந்தையின் மூக்கு நுனி மஞ்சள். உள்ளங்கையும் மஞ்சள், உள்ளங்காலும் மஞ்சள். மஞ்சள் காமாலை என்று மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். குளிக்காமல்கூட மருத்துவரிடம் ஓடினோம். அவர் குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார். வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தது. “என்ன கொடுக்கிறீர்கள்?” என்றார். ஒரு நாள் கேரட், ஒரு நாள் பரங்கிக்காய், ஒரு நாள் சர்க்கரைவள்ளி, வகை வகையாகக் கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். மூன்றும் ஒரே நிறமியின் வீடு. கரோட்டின் தோலில் படிந்திருக்கிறது, கெடுதல் ஒன்றும் இல்லை. காமாலை என்றால் கண்ணிலும் மஞ்சள் ஏறும் என்றார். பச்சைக் காய்களையும் பேரிக்காயையும் இடையில் சேர்த்தோம். சில வாரங்களில் மூக்கு பழைய மூக்கானது. உங்கள் 5 வகைகளில் 3 வகை ஆரஞ்சு நிறம் என்பதைக் கவனித்தீர்களா?

அன்று அவர் இன்னொன்றும் கேட்டார்: “பழம், காய் தவிர வேறென்ன?” ஒன்றுமில்லை. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து 6 மாத வாக்கில் தீரத் தொடங்கும். பழமும் காயும் மட்டும் அதை ஈடுகட்டாது. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி என்று அவரவர் வழக்கப்படி ஏதாவது சேர வேண்டும். பழத்தில் உள்ள வைட்டமின் சி, பருப்பின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். தாய்ப்பாலும் நிற்கக் கூடாது. மசியல் பாலுக்குத் துணை, மாற்று அல்ல.

உப்பு விஷயத்தில் வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று மனைவி தினமும் ஒருமுறை சொல்லிவிடுவாள். குழந்தையின் சிறுநீரகம் அதிக உப்பை வெளியேற்றும் அளவுக்கு இன்னும் பழகவில்லை, உப்பின் சுவையும் அவள் அறியாதது என்று நான் ஒருமுறை பதில் சொல்வேன். நீங்கள் உப்பு சேர்க்கச் சொல்லவில்லை என்பதற்கு நன்றி. சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்பதுதான் அவளுடைய வாதம்.

கடைசியாக, எந்த மாதம் வரை இந்த ‘நைஸ்’? அதுவும் உங்கள் குறிப்பில் இல்லை. 8, 9 மாதத்தில் சிறு கட்டிகள் நாக்கில் பட வேண்டும், கையில் எடுத்துத் தின்ன மெத்தென்று வெந்த துண்டுகள் வேண்டும். நான் பயந்து பயந்து கூழாகவே கொடுத்து ஒரு மாதம் வீணாக்கினேன். கட்டியை முதலில் வைத்தபோது அவள் குமட்டி, இருமி, முகம் சிவந்ததும் எனக்குக் கை நடுங்கியது. சத்தம் வருகிற வரை குழந்தை தானே சமாளிக்கிறது. சத்தமே வராமல் திணறினால்தான் அடைப்பு என்று மருமகள் கற்றுக்கொடுத்தாள். பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை, கொட்டைகள் இவற்றை அருகில் விடுவதே இல்லை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குகிறேன். நிமிர்ந்து உட்காராத குழந்தைக்கு எதையும் ஊட்டுவதும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரு குறிப்பில் அடக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். தேன் வரியை நீக்கினாலே அரை அங்குல இடம் கிடைக்கும். ‘தேன், உப்பு, சர்க்கரை வேண்டாம், வாய்பட்ட மிச்சத்தை வைக்க வேண்டாம்’ என்று அதில் எழுதிவிடலாம். இந்தப் பகுதியை மகளிர் பக்கத்திலிருந்து வேறெங்காவது மாற்ற முடியுமா என்பதையும் யோசியுங்கள். அந்தப் பக்கத்தை நான் 60 வயது வரை புரட்டியதே இல்லை.

தேனைப் பற்றிய திருத்தத்தை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் என் மனைவி கண்ணாடி போட்டாலும் அவளுக்குத் தெரியாது. கதவில் ஒட்டுவதற்குப் பசை தயாராக இருக்கிறது; மிக்ஸியில் அரைத்த உருளைக்கிழங்கு கொஞ்சம் மீதி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொதிகலன் பணியாளர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன், வெளியிட வேண்டாம்.)