கோவளத்துக்குப் போகும் முன்

அன்புள்ள கண்ணு,

கேரளத்துக் கோவளத்தில் ஐந்து நாள் தங்கப் போவதாகவும், அங்கே 'மூன்று நாள் பஞ்சகர்மா' என்று ஒரு பேக்கேஜுக்கு மாப்பிள்ளை பணம் கட்டப் போவதாகவும் எழுதியிருந்தாய். இன்னும் கட்டவில்லை என்றால் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்.

பஞ்சகர்மா மூன்று நாளில் முடிகிற சமாசாரம் இல்லை. வாந்தி எடுக்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது, வஸ்தி என்று ஆசனவாய் வழியாக மருந்து ஏற்றுவது, மூக்கில் மருந்து விடுவது என்று போகிற ஆயுர்வேத வைத்தியம் அது. அதற்கு முன்பே சில நாள் காலையில் வெறும் வயிற்றில் மருந்து நெய் குடிக்க வேண்டும். முட்டி வலிக்காக நான் கோட்டக்கல் ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது, பக்கத்து அறை அம்மா அந்த நெய்யை முன்னால் வைத்துக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். ஓய்வெடுக்க வருகிற உனக்கு அது எதற்கு? உடம்பெல்லாம் எண்ணெய் தேய்க்கிற அப்யங்கமும், நெற்றியில் தைலம் விடுகிற சிரோதாராவும் போதும்.

அப்யங்கத்துக்கு உன்னை 'தோணி' என்கிற மரப் பலகையில் படுக்க வைப்பார்கள். எண்ணெய் வழிந்து போகாமல் சுற்றிலும் விளிம்பு இருக்கும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே வேகத்தில் தேய்ப்பார்கள். இடுப்பில் ஒரு துண்டுத் துணிதான் கட்டிவிடுவார்கள், கூச்சப்படாதே. பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள் என்பதுதான் அங்கே வழக்கம். வேறு மாதிரி சொன்னால் எழுந்து வந்துவிடு. சிரோதாராவுக்குக் கண்ணில் எண்ணெய் இறங்காதபடி நெற்றியில் துணி கட்டி, மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து இளஞ்சூடான தைலத்தை நூல் பிடித்த மாதிரி விடுவார்கள். அது நெற்றியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். கொஞ்ச நேரத்தில் தூக்கம் சொக்கும். அப்புறம் பயற்றமாவு தேய்த்து வெந்நீரில் குளியல். தலைக்கு மட்டும் வெந்நீர் வேண்டாம். தலையைத் துவட்டியதும் ராஸ்னாதி பொடியை உச்சியில் ஒரு சிட்டிகை வைத்துத் தேய்க்கச் சொல், சளி பிடிக்காது என்பார்கள்.

நானும் உன் சித்தியும் ஒருமுறை ஒரு ஹோட்டலில் போய் ஏமாந்தோம். ஏசி ஓடுகிற அறை, ஆறிப்போன எண்ணெய். அரை மணியில் எழுப்பி ஷாம்பு பாக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். பில் மட்டும் நல்ல சூடாக வந்தது! அதனால் முதலில் ஒரு வைத்தியர் உன்னைப் பார்த்து, காய்ச்சல் உண்டா, மாதவிலக்கா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றெல்லாம் கேட்கிறாரா என்று பார். கேட்காத இடம் வேண்டாம்.

முகத்துக்குக் குங்குமாதி தைலம் கேட்டிருந்தாய். குங்குமப்பூ சேர்ந்தது, மலிவாகக் கிடைக்காது. மலிவாகக் கிடைத்தால் யோசி. உன் முகத்தில் சட்டென்று பரு வருமே, முதலில் தாடையோரம் ஒரு சொட்டு தடவிப் பார்.

எண்ணெய் வைத்த அன்று வெயிலில் சுற்றாதே, கடலில் இறங்காதே, பகலில் தூங்காதே. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுக்காதே. ஐந்து நாளில் படகு, பூவார், பத்மநாபசுவாமி கோயில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கிறாய். எண்ணெய்க்கென்று இரண்டு நாளைச் சும்மா விடு. நீ வருவது ஆடி மாதம், அவர்களுக்குக் கர்க்கடகம். மழைக்காலத்து எண்ணெய்தான் உடம்பில் நன்றாக ஊறும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அறையிலேயே கிடந்து, மருந்து சேர்த்த கர்க்கடகக் கஞ்சி வாங்கிக் குடியுங்கள். மாப்பிள்ளைக்குப் பீர் கிடையாது என்று நான் சொன்னதாகச் சொல்.

பழைய நைட்டி இரண்டு எடுத்து வா, எண்ணெய்க் கறை போகாது. டிக்கெட் தேதி உறுதியானதும் எழுது. திருவனந்தபுரத்தில் நம் மாமாவுக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா