தட்டைப் பூமியை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்

தமிழில் அறிவியல் காணொளி செய்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் காணொளிகளை விடாமல் பார்ப்பவன் நான். ஒரு குறை மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது. "இடைக்கால ஐரோப்பாவில் எல்லாரும் பூமி தட்டை என்று நம்பினார்கள், கொலம்பஸ்தான் அதை உடைத்தார்" என்ற கதை திரும்பத் திரும்ப வருகிறது. அது உண்மையில்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

725-இலேயே பீட் என்ற ஆங்கிலேயத் துறவி பூமி பந்து போல உருண்டை என்று எழுதிவிட்டார். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சாக்ரோபாஸ்கோ எழுதிய சிறிய வானியல் பாடநூலைப் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 400 ஆண்டுகள் படித்தார்கள். கப்பல் கரையை விட்டு விலகும்போது, பாய்மரத்தின் அடியில் நிற்பவனுக்குக் கரையிலுள்ள அடையாளம் மறைந்த பிறகும் உச்சியில் இருப்பவனுக்குத் தெரிகிறதே, ஏன்? நடுவில் கடல் வளைந்திருக்கிறது என்று விளக்குகிறது அந்த நூல். பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் போல உருண்டையை மறுத்தவர்களும் இருந்தார்கள்தான்; ஆனால் பல்கலைக்கழகங்களில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

சரி, கொலம்பஸோடு அறிஞர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள்? பூமியின் அளவுக்காக. ஆசியா பக்கத்தில்தான் என்று அவர் போட்ட கணக்கு தப்பு. எதிர்த்தவர்கள் சொன்னதே சரி. தட்டைப் பூமிக் கதையைப் பரப்பியதில் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1828-இல் எழுதிய கொலம்பஸ் வரலாற்றுக்குப் பெரிய பங்குண்டு.

எனக்கு வருத்தம் பிழைக்காக மட்டுமில்லை. இந்தக் கதை மறைத்துவிடும் ஒருவரைப் பற்றி நீங்கள் பேச வேண்டும். நிக்கோல் ஒரேம், பிரெஞ்சுப் பாதிரியார். 1377-இல், மன்னர் ஐந்தாம் சார்லஸுக்காகப் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலில், வானம் சுற்றுகிறதா பூமி சுற்றுகிறதா என்று கேட்கிறார். பூமி கிழக்கே சுழன்றால், செங்குத்தாக எய்த அம்பு மேற்கே தள்ளி அல்லவா விழவேண்டும்? இல்லை என்கிறார். பூமியோடும் காற்றோடும் சேர்ந்து அம்பும் கிழக்கே போகிறது. வேகமாகப் போகும் கப்பலில் ஒருவன் பாய்மரத்தை ஒட்டிக் கையை நேராகக் கீழே இறக்கினால், கை நேராக இறங்குவதாகத்தான் அவனுக்குத் தோன்றும். கப்பலோடு சேர்ந்து அது முன்னே போவது அவனுக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய வானம் தினமும் ஒரு சுற்று சுற்றுவதைவிட இந்தச் சின்னப் பூமி சுற்றுவது எளிது என்றும் வாதிடுகிறார். பூமிதான் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவர இன்னும் 166 ஆண்டுகள் இருந்தன!

கடைசியில் ஒரேம், வேதவசனத்தை மேற்கோள் காட்டி, பூமி அசையவில்லை என்றே முடித்தார். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் வாதத்தை இவ்வளவு வலுவாகக் கட்டிவிட்டு ஒரு மனிதர் அப்படி முடித்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஒரு கப்பல், ஒரு பாய்மரம், கீழே இறங்கும் ஒரு கை. இதைப் படம் வரைந்து காட்டுவது உங்களுக்குக் கைவந்த கலை. செய்யுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நேயர்களில் ஒருவன்