உறையூர் சைக்கிள்காரர்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உன் ஆபீஸ் பையன் அதை நம்பிவிட்டதில் ஆச்சரியம் இல்லை, இங்கே எங்கள் வாக்கிங் குரூப்பிலேயே யாராவது ஒருவர் அதை அவ்வப்போது புதுசு போல அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். உறையூர் பஞ்சவர்ணசாமி கோயில், 2000 வருடப் பழமை, கல்லில் ஒரு ஆள் சைக்கிள் மிதிக்கிறார், ஆகவே சைக்கிளைக் கண்டுபிடித்தவன் தமிழன். சிற்பம் பொய் இல்லை. சின்ன வயதில் நீயும் அந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறாய், உன் கண்ணெல்லாம் புளியோதரை மேல்தான். வருடக் கணக்குதான் தப்பு.

ஊர் பழசு, அதில் சந்தேகமே வேண்டாம். சங்க காலச் சோழர்களின் தலைநகர், சம்பந்தர் மூக்கீச்சரம் என்று பாடிய தலம். அதற்காக இன்று நிற்கிற ஒவ்வொரு கல்லும் சம்பந்தர் பார்த்த கல் ஆகிவிடாது. 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து கோயிலாக்கிவிட்டு, செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, இவை எதுவுமே இல்லாமல் எடுப்பித்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமையடித்துக்கொள்கிறான், கற்கோயில் அப்போது அவ்வளவு புதுமை. அதற்கும் 600 வருடம் முன்னால் கற்கோயிலும் அதில் ஒரு சைக்கிளும் எங்கிருந்து வரும்?

அப்புறம், கோயிலை யாரும் ஒரே மூச்சில் கட்டி முடித்துவிட்டுப் போவதில்லை. தூண் விரிசல் விட்டால் மாற்றுவார்கள், பணம் கொடுக்க ஆள் கிடைத்தால் மண்டபம் சேர்ப்பார்கள், திருப்பணி ஓயாது. நம்ம திருச்சி கண் டாக்டர் கலைக்கோவன், கல்வெட்டு ஆராய்ச்சியிலும் பெரிய ஆள், இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார்: 1920 வாக்கில் அங்கே திருப்பணி நடந்தது, அப்போது சைக்கிள் இந்தப் பக்கம் புதுசு, பார்த்து வியந்த சிற்பி செதுக்கிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் கதையின் தொடக்கம் ஜெர்மனியில் நீ இருக்கிற ஊரில்தான். 1817 ஜூனில் கார்ல் டிரைஸ் தன் மர வண்டியில் ஏறிக் கிளம்பியது உன் மன்ஹைமிலிருந்து. அதற்குப் பெடல் கிடையாது, காலால் தரையை உந்தி உந்திப் போகவேண்டும். பெடல் 1860களில் பிரான்சில் வந்தது. செயின் போட்டு, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி விட்ட ரோவர் என்ற வண்டிதான் இன்றைய சைக்கிளுக்கு மூத்தது, நம் உறையூர்க்காரர் மிதிப்பதும் அந்த ஜாதி வண்டிதான். எழுபது வருடம் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு கொண்டுவந்த உருவம் இங்கே மட்டும் திடீரென்று முளைத்ததாம்!

எனக்குக் கோபமே வேறு. யாளி, தாமரை, நந்தி என்று வாழ்நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன், தெருவில் போன சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்து சாமி இருக்கிற இடத்தில் அதைச் செதுக்கியிருக்கிறார், பெரிய ஸ்தபதி திட்டினாரா, தர்மகர்த்தா சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாரா என்று நினைத்தாலே எனக்குக் குஷியாக இருக்கிறது. வீடியோக்காரர்கள் அந்த ஆளைத்தான் முழுசாக மறைத்துவிடுகிறார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை என்றும் அந்தப் பையனிடம் சொல். ஸ்பெயினில் சலமாங்கா என்ற ஊர்ப் பெரிய தேவாலயத்தின் வாசலில், கொடிகளுக்கு நடுவே ஒரு விண்வெளி வீரர் தொங்குகிறார், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு. கட்டடம் 1513இல் தொடங்கியது. வீரரைச் சேர்த்தது 1992இல் பழுது பார்த்தபோது. பக்கத்திலேயே ஐஸ்கிரீம் வைத்திருக்கும் ஒரு பூதம் வேறு. அதற்கும் இதே மாதிரி வேற்றுக்கிரகக் கதை இணையத்தில் ஓடுகிறது. எங்கே போனாலும் அதே வியாபாரம்.

லீவு கிடைத்தால் அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்பு, குரூப்பில் போடவேண்டும். அம்மா கேட்கச் சொன்னாள்: நீ வாங்கின பழைய சைக்கிளுக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கிவிட்டாயா இல்லையா?

அன்புடன்,
அப்பா