பயிற்சியை மேசைக்குக் கொண்டுவாருங்கள்: டர்பன் கிளியரிங் முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கும், பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

தூத்துக்குடியில் 6 வருஷம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் 14 வருஷம், ஆக மொத்தம் 20 வருஷமாக ஏற்றுமதிக் காகிதங்களோடுதான் என் பிழைப்பு. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னொரு சுற்றறிக்கை என்று ஒதுக்கிவிடுவீர்கள், தமிழில் எழுதினால் படிக்கத் தெரிந்த சிலராவது கடைசிவரை படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஆயுதம் செய்ய உதவக்கூடிய சரக்கு தவறான கைக்குப் போகாமல் தடுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி என்றால் நீங்கள் மேனேஜரைத்தான் அனுப்புகிறீர்கள். ஆனால் இன்வாய்ஸைக் கையில் வாங்கி, சரக்கின் பெயரைப் படித்து, டாரிஃப் கோடு (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) போட்டு, கஸ்டம்ஸுக்கு அனுப்புவது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணோ பையனோ. சட்டம் அவர்கள் மேசையில்தான் நடக்கிறது, அதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம், துறைமுகத்தில் கப்பலுக்கான கன்டெய்னர்களை வாங்குவதை நிறுத்த மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. 80 டிரம், இருபதடி கன்டெய்னர், போகுமிடம் எகிப்து. இன்வாய்ஸில் “அழகுசாதன மூலப்பொருள், டி.ஈ.ஏ. 99” என்று மட்டும் இருந்தது. எங்கள் புதுப் பெண் பழைய ஃபைல் ஒன்றில் இருந்த கோடை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அப்படித்தான் நாங்கள் வேலை கற்றுக்கொடுத்திருந்தோம். வேறு எதற்கோ, இரசாயனச் சரக்கோடு வரும் பாதுகாப்புத் தாளைப் புரட்டியபோது அதில் 102-71-6 என்ற இரசாயன அடையாள எண் என் கண்ணில் பட்டது. டி.ஈ.ஏ. என்பது டிரைஎத்தனாலமைன். முகத்தில் பூசும் கிரீமிலும் இருக்கிறது, சிமென்ட் அரைக்கவும் உதவுகிறது. அதே பொருள் இரசாயன ஆயுத உடன்படிக்கையின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது, ஏனென்றால் அதிலிருந்து நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் இரசாயன ஆயுதம் செய்யலாம். எகிப்து அந்த உடன்படிக்கையில் சேராத நாடு. சேராத நாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், தடைசெய்யப்பட்ட எதற்கும் பயன்படுத்தமாட்டோம், வேறு நாட்டுக்குத் தள்ளிவிடமாட்டோம் என்று அந்த நாட்டு அரசு தரும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு தாளே இல்லை.

கன்டெய்னரை நிறுத்தினோம். வாடிக்கையாளர் போனில் கத்தினார், அந்தப் பெண் அழுதாள். வாங்குபவர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று சரக்கு நின்றது தற்செயலாகத்தான்.

நானும் ஜோஹானஸ்பர்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனவன். பேரழிவு ஆயுதப் பரவலைத் தடுக்கும் 1993ஆம் ஆண்டின் 87ஆம் சட்டம், மரபுவழி ஆயுதங்களுக்கான 2002ஆம் ஆண்டின் 41ஆம் சட்டம், ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1540ஆம் தீர்மானம் என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் தெரிந்திருக்க வேண்டியவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளில் ஒரே ஒரு இன்வாய்ஸைக்கூட எங்கள் கையில் கொடுக்கவில்லை. எந்தச் சரக்குக்கு ஐடாக் (சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையம்) பெர்மிட், எதற்கு அணு ஆயுதப் பரவல் தடுப்புக் கவுன்சில் பெர்மிட், எதற்கு ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் வரும்.

இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2003இல் கேப்டவுன் வியாபாரி ஒருவர் அமெரிக்காவிலிருந்து 200 ஸ்பார்க் கேப் (அதிவேக மின் ஸ்விட்ச்) வாங்க ஆர்டர் போட்டார். சிறுநீரகக் கல்லை உடைக்கும் மருத்துவக் கருவியிலும் அது வேலை செய்யும், அணுகுண்டை வெடிக்க வைக்கும் சுற்றிலும் வேலை செய்யும். காகிதத்தில் சொவேட்டோ மருத்துவமனைக்கு என்று எழுதியிருந்தது. முதல் தவணையாக வந்த சரக்கு போய்ச் சேர்ந்த இடம் பாகிஸ்தான். 2004 ஜனவரியில் அவரை டென்வர் விமான நிலையத்தில் பிடித்தார்கள். ஒரு மருத்துவமனைக்கு நாலைந்து போதுமே, 200 எதற்கு என்று கேட்கச் சட்டப் படிப்பு வேண்டாம். ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அதே 2004இல்தான் நம் நாட்டு வாண்டர்பைல்பார்க் ஊரின் தொழிற்சாலை ஒன்றில், லிபியாவின் யுரேனியச் செறிவூட்டலுக்காகச் செய்த குழாய்களும் கருவிகளும் 11 கன்டெய்னர் நிறைய இருந்தன. கையில் இருந்த ஆறு அணுகுண்டையும் தானாகவே பிரித்துப் போட்ட நாடு நம்முடையது. அந்த நாட்டின் துறைமுகத்தில் வேலை பார்க்கிறோம் என்பது எனக்குப் பெருமை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பயிற்சியை டர்பனிலேயே வையுங்கள். மேசையில் வேலை பார்ப்பவர்களை அனுப்புங்கள், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் பழைய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பாதுகாப்புத் தாள் மூன்றையும் கையில் கொடுத்து, எது இடிக்கிறது, கண்டுபிடி என்று சொல்லுங்கள். அப்புறம் மிக முக்கியமானது, சந்தேகம் வந்தால் “இதை நிறுத்துகிறேன்” என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு எழுத்தில் உரிமை கொடுங்கள். கப்பல் தவறினாலும் அவள் வேலை போகாது என்று அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை மதியம் வாடிக்கையாளர் கத்தும்போது எவ்வளவு படித்திருந்தாலும் கை தானாகவே அனுப்பும் பட்டனுக்குத்தான் போகும்.

பாடம் தயாரிக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலை, கான்கெல்லா பக்கம் எங்காவது ஓர் அறை, இருபது நாற்காலி போதும். அந்த டிரம் ஃபைலின் நகலை நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் வேலை பார்க்கும் ஏற்றுமதி எழுத்தர்