இத்தாலியில் உணவகச் செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடு செல்லும் தம்பதியருக்காகத் தங்கள் நாளிதழில் வரும் பயணக் குறிப்புகளில் உணவகச் செலவு குறித்தும் எழுத வேண்டுகிறேன். இத்தாலியில் மேசையில் அமர்ந்தாலே ‘கொப்பெர்த்தோ’ என்ற பெயரில் ஆளுக்கு ஒரு தொகை, பெரும்பாலும் 1 முதல் 3 யூரோ வரை, பில்லில் சேர்ந்துவிடும். உணவுப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் இது மோசடியன்று, அந்நாட்டு வழக்கம். ரோம் நகரை உள்ளடக்கிய லாட்சியோ மாநிலம் 2006-இல் சட்டமியற்றி இதைத் தடை செய்தபோதும், ரொட்டிக்கான கட்டணம் என்ற பெயரில் அங்கே பல இடங்களில் வசூலிக்கிறார்கள். வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்துக் காப்பிக் கடைகளிலோ, இசைக்குழு வாசிக்கும் வேளையில் அமர்ந்தால் அதற்கும் தனிக் கட்டணம். நானும் என் மனைவியும் வேறொரு தெருவில் நின்றபடியே காப்பி குடித்தோம், ருசியில் குறைவில்லை.

சைவ உணவினர் கவனிக்க வேண்டியது வேறு. பர்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கச் சேர்ப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் பொருள். இறைச்சி இல்லை என்று பரிமாறுபவர் மனதாரச் சொல்லும் பாஸ்தாவின் மேலும் அது தூவப்பட்டு வரும். தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். துளசி வகை இலையை அரைத்துச் செய்யும் ‘பெஸ்தோ’ என்ற பாஸ்தாக் குழம்பிலோ அரைக்கும்போதே அந்தப் பாலாடைக்கட்டி கலந்துவிடுவதால், பெஸ்தோவையே தவிர்ப்பது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.