கூட்டாட்சியைப் பட்டியலாக்காதீர்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அரசியல் அறிவியல் பாடநூல்களைத் தமிழில் எழுதியும் மேற்பார்த்தும் வரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். இளநிலைப் பட்ட வகுப்புகளில் தமிழ்வழியில் இந்தப் பாடத்தை நடத்தி வருபவன் நான். அமெரிக்க அரசமைப்புக்கு வரும்போதெல்லாம் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறேன். கைக்குக் கிடைக்கும் நூல்களில் கூட்டாட்சியின் இயல்புகள் என்று எழுதப்பட்ட அரசமைப்பு, அதிகாரப் பங்கீடு, சுதந்திரமான நீதித்துறை, ஈரவைச் சட்டமன்றம் எனச் சிலவற்றை எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். மாணவர்களும் அவற்றை உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். சென்ற பருவத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, 13 மாநிலங்களும் தனித்தனியாகத்தானே இருந்தன? கையில் இருந்த அதிகாரத்தை ஏன் விட்டுக்கொடுத்தன?" என்று கேட்டார். அந்தப் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: புதிய அரசமைப்பை ஏற்பதா, வேண்டாமா என்று 1787, 1788 ஆகிய ஆண்டுகளில் நடந்த வாதத்தை வாதமாகவே, எதிர்த்தரப்பையும் சேர்த்து, பாடநூலில் வையுங்கள்.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு உடன்படிக்கையிலிருந்து தொடங்குகிறது. அதன்படி அமைந்த காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. விடுதலைப் போரில் வாங்கிய கடனை அடைக்க இவ்வளவு தேவை என்று மாநிலங்களுக்குக் கேட்பு அனுப்பலாம். கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம். உடன்படிக்கையில் ஒரு திருத்தம் செய்யவேண்டுமானால் 13 மாநிலங்களும் இசையவேண்டும். இறக்குமதிப் பொருள்கள்மீது நூற்றுக்கு 5 வீதம் தீர்வை விதிக்க அனுமதி கேட்டபோது, 1782இல் ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் மறுத்தது. திட்டம் அத்தோடு விழுந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து மேற்கு மாசசூசெட்ஸில் கடனாலும் வரியாலும் நொந்த உழவர்கள் டேனியல் ஷேஸ் முதலானோரின் தலைமையில் திரண்டு நீதிமன்றங்களை நடக்கவிடாமல் தடுத்தார்கள். சொத்துள்ளவர்களின் அச்சம் இதனால் எவ்வளவு பெருகியது என்பதைச் சொல்லாமல் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடிப் புதிய அரசமைப்பை வரைந்த மாநாட்டை விளக்க முடியாது. அங்கே வந்துபோன பேராளர்கள் 55 பேர், இறுதியில் கையொப்பமிட்டவர்கள் 39 பேர். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை.

அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில் புதிய அரசமைப்பை ஏற்கச் சொல்லி நியூயார்க் ஏடுகளில் எழுதிய 85 கட்டுரைகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அவற்றுள் 15ஆம் கட்டுரையை மட்டுமாவது மாணவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பழைய ஏற்பாட்டின் நோய் எங்கே இருக்கிறது என்று ஹாமில்டன் விரல் வைத்துக் காட்டுகிறார்: மைய அரசு தனிமனிதர்களுக்குச் சட்டம் இயற்றாமல் மாநில அரசுகளுக்குச் சட்டம் இயற்றுகிறது. மீறினால் தண்டனை இல்லாத சட்டம் வெறும் அறிவுரைதான் என்பது அவர் வாதம். இதை வகுப்பில் நம் ஊர் வழக்கில் இப்படிச் சொல்வேன்: ஒரு வணிகர் தீர்வை கட்டாவிட்டால் நீதிமன்ற அமீனா போதும், ஒரு மாநிலமே கட்டாவிட்டால் படை அனுப்ப வேண்டும். படை அனுப்பினால் அது உள்நாட்டுப் போர், அனுப்பாவிட்டால் அரசே இல்லை. ஆகவே புதிய மைய அரசின் சட்டம் மாநிலத்தின் தலைக்கு மேலாகச் சென்று குடிமகனை நேரடியாகத் தொடவேண்டும் என்றார்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் முகங்கள் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதிகாரப் பங்கீடு என்று நாம் ஒரே சொல்லில் தாண்டிப்போவதன் உள்ளே இருக்கும் எந்திரம் இதுதான்.

மாநிலங்கள் ஏன் விட்டுக்கொடுத்தன என்றால், ஒப்புதலை மாநிலச் சட்டமன்றங்களிடம் கேட்கவே இல்லை என்பதும் விடையின் ஒரு பாதி. ஒவ்வொரு மாநிலத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த தனி மாநாடுகள் முடிவு செய்யட்டும், 9 மாநிலங்கள் ஏற்றால் அவற்றினிடையே அரசமைப்பு நடைமுறைக்கு வரட்டும் என்று வகுத்தார்கள். அனைவரின் இசைவும் தேவை என்ற பழைய விதியை இது தாண்டிச் சென்றது. சட்டப்படி இது சரிதானா என்ற கேள்வியும் எழுந்தது. வெர்ஜினியா மாநாட்டில் பேட்ரிக் ஹென்றி, 'மாநிலங்களாகிய நாங்கள்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'மக்களாகிய நாங்கள்' என்று எழுத இவர்களுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டார். நேர்மையான கேள்வி.

இதற்கு மேடிசன் 39ஆம் கட்டுரையில் தரும் விடை, நான் அறிந்தவரை, கூட்டாட்சி என்ற சொல்லுக்குத் தரப்பட்ட மிகக் கூர்மையான விளக்கம். புதிய அரசு கூட்டமைப்பா, ஒற்றை அரசா என்று கேட்டவர்களிடம், எந்தக் கோணத்திலிருந்து கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். மாநிலவாரியாக மக்கள் ஒப்புதல் தருவதால் அடித்தளத்தில் அது கூட்டமைப்பு. கீழவை மக்களிடமிருந்தும் மேலவை மாநிலங்களிடமிருந்தும் வருவதால் அதிகாரத்தின் ஊற்றில் அது கலப்பு. சட்டம் குடிமகனைத் தொடுவதால் செயற்பாட்டில் ஒற்றை அரசு. எண்ணித் தரப்பட்ட அதிகாரங்களோடு நிற்பதால் எல்லையில் மறுபடியும் கூட்டமைப்பு. திருத்தும் முறையோ இரண்டிலும் முழுமையாகச் சேராது. குடியரசுக்கு அவர் தரும் வரையறையும் இதே கட்டுரையில்தான் இருக்கிறது: அதிகாரம் முழுவதும் நேராகவோ சுற்றியோ பெருந்திரளான மக்களிடமிருந்து வரவேண்டும்; பதவியில் இருப்பவர்கள் மக்களின் விருப்பத்தாலோ, குறித்த காலத்துக்கோ, நன்னடத்தை உள்ளவரையிலோ மட்டுமே இருக்கவேண்டும். அரசன் இல்லாத நாடு குடியரசு என்று மட்டும் படித்து வந்த மாணவருக்கு இது புதிய வாசல்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 10ஆம் கட்டுரையில் மேடிசன் குடியரசின் நோய் என்று சொல்லும் 'faction' என்ற சொல்லைச் சில குறிப்பேடுகள் 'கட்சி' என்று பெயர்க்கின்றன. அதைப் படித்த மாணவர்கள் அவர் கட்சி அரசியலைத் தாக்குவதாக எழுதுகிறார்கள். பிறர் உரிமைக்கோ பொது நலனுக்கோ எதிரான ஒரு வெறியாலோ ஆதாயத்தாலோ ஒன்றுசேர்ந்தவர்களை அவர் சொல்கிறார். அவர்கள் சிறுபான்மையாகவும் இருக்கலாம், பெரும்பான்மையாகவும் இருக்கலாம். 'கன்னை கட்டுவது' என்ற நம் பேச்சுவழக்கு இதற்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. சிறிய நாட்டில் ஒரே கன்னை எளிதில் பெரும்பான்மையாகிவிடும். பரந்த குடியரசில் நலன்கள் பலவாகப் பெருகுவதால் அப்படி ஒன்றுசேர்வது கடினம் என்பது அவர் கணக்கு. சிறிய நாட்டில்தான் குடியரசு நிலைக்கும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவைக் காட்டிப் பேசியவர்களுக்கு இதுவே அவரது மறுமொழி.

அப்படிப் பேசியவர்களில் கூர்மையானவர் 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் எழுதியவர். அவருடைய முதல் கட்டுரை 1787 அக்டோபர் 18இல் வந்தது. பப்ளியஸின் முதல் கட்டுரைக்கு 9 நாள் முன்பே. மைய அரசின் வரி அதிகாரமும், தேவையான சட்டங்களை இயற்றலாம் என்ற பொது விதியும், உச்ச நீதிமன்றமும் சேர்ந்து மாநிலங்களைக் காலப்போக்கில் விழுங்கிவிடும் என்று அவர் எழுதினார். மைய அரசு பின்னாளில் வளர்ந்த திசையைப் பார்த்தால் அந்த எச்சரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாடநூல்களில் அவர் பெயர்கூட இல்லை.

எதிர்த்தரப்பு வென்ற இடமும் உண்டு. உரிமைப் பட்டியல் இல்லை என்பதைக் காரணம் காட்டி ஜார்ஜ் மேசன் பிலடெல்பியாவில் கையொப்பமிட மறுத்தார். அப்படிப்பட்ட பட்டியல் தேவையற்றது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட என்று 84ஆம் கட்டுரையில் ஹாமில்டன் வாதாடினார். தராத அதிகாரத்துக்குத் தடை போடுவானேன் என்பது அவர் தர்க்கம். அந்த வாதம் எடுபடவில்லை. மாசசூசெட்ஸ் மாநாடு 187க்கு 168 என்ற வாக்கில், திருத்தங்களைப் பரிந்துரைத்தபடியேதான் ஒப்புதல் தந்தது. வெர்ஜினியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27. பட்டியல் வேண்டாம் என்ற பக்கம் நின்ற மேடிசனே 1789 ஜூனில் திருத்தங்களை அவையில் முன்வைத்தார். அவற்றுள் பத்து 1791 டிசம்பர் 15இல் நிறைவேறின. இந்த எண்களைப் பாடநூலில் அச்சிடுங்கள். அரசமைப்பு வானத்திலிருந்து இறங்கவில்லை, மயிரிழையில் பிழைத்து வந்தது என்பதை மாணவருக்கு விளக்க இவற்றைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

இந்த வாதத்தின் இருண்ட மூலையையும் மறைக்கவேண்டாம். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டு உறுப்பினர் எண்ணிக்கையை வகுத்த விதிக்கு 54ஆம் கட்டுரை சமாதானம் சொல்ல முனைகிறது, படித்தால் கூசும். 'பெருந்திரளான மக்கள்' என்று மேடிசன் எழுதியபோது யாரெல்லாம் அந்தத் திரளுக்கு வெளியே நின்றார்கள் என்று வகுப்பில் கேட்காமல் விட்டால் பாடம் பாதியில் நிற்கும்.

1948 நவம்பர் 4 அன்று இந்திய அரசமைப்பு அவையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், 'மாநிலங்களின் ஒன்றியம்' என்ற தொடருக்கு விளக்கம் தரும்போது அமெரிக்காவைத்தான் எடுத்துக்காட்டினார்: இங்கே கூட்டாட்சி மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தால் பிறந்ததன்று, பிரிந்துபோகும் உரிமை இல்லை என்பதை நிலைநாட்ட அமெரிக்கர்கள் உள்நாட்டுப் போர் நடத்த வேண்டியிருந்தது, அந்த ஐயத்தைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுகிறோம் என்றார். 39ஆம் கட்டுரையைப் படித்த மாணவருக்கு இந்தப் பேச்சு உடனே விளங்கும். படிக்காதவருக்கு அது வெறும் சொல்லாராய்ச்சி.

எனவே அடுத்த பதிப்பில் 10, 15, 39, 51, 84 ஆகிய ஐந்து கட்டுரைகளிலிருந்தும் புரூட்டஸின் முதல் கட்டுரையிலிருந்தும் தலா இரண்டு பக்கமாவது நல்ல தமிழில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். இயல்புகளின் பட்டியலைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடலாம். வினாத்தாளிலும் 'கூட்டாட்சியின் இயல்புகளை விவரி' என்ற கேள்விக்குப் பதிலாக, '1788 ஜூலையில் நீங்கள் நியூயார்க் மாநாட்டின் உறுப்பினராக இருந்திருந்தால் எப்பக்கம் வாக்களித்திருப்பீர்கள், ஏன்?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடைத்தாள்களைத் திருத்த நான் வருகிறேன்.

அன்புடன்,
தமிழ்வழி அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவர்